தகர டின்னில் ஜெரேனியம் வளர்க்கும் மகனின் அம்மாவுக்கு

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சிரிப்புத்தான் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையை இரண்டாந்தரம் எழுதப்போகிற பிள்ளை விடியற்காலையில் எழும்பிப் புத்தகத்தைத் தொடாமல், தங்கச்சியுடைய கண்மை பிரஷைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் போய் ஜெரேனியம் பூவைத் தடவிக்கொண்டிருக்கிறான் என்றால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். "இவனுக்குப் புத்தி ஏதும் பிசகிப் போச்சா" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டாந்தரம் வாசிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு டின்னிலும் ஐஸ்கிரீம் குச்சி குத்தி அதில் ஏதோ நம்பர் எழுதி வைத்திருக்கிறான் என்று கோபமாக எழுதியிருந்தீர்களே, அந்த வரி. அதற்குப் பிறகுதான் இந்தப் பதிலை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் கொழுந்து எடுப்பவர், அதனால் உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பழைய விதைத் தேயிலை மலையில் பக்கத்துப் பக்கத்து மரம் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, இலை வேறு, துளிர்க்கிற வேகம் வேறு. கொப்பு நட்டு வளர்த்த வி.பி. மலைக்குப் போனால் எல்லாம் ஒரே அச்சு. ஏனென்றால் அந்த மலை முழுவதும் ஒரே ஒரு தாய்மரத்தின் கொப்பை வெட்டி, நர்சரியில் வேர் பிடிக்க வைத்து நட்டது. தலவாக்கலை சென். கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ ஒருவர், ஆயிரம் செடிக்குள் இது நல்லது என்று பொறுக்கி எடுத்து ஒரு நம்பர் போட்டதால்தான் டி.ஆர்.ஐ. 2025 என்ற பெயர் உங்கள் கங்காணி வாயிலும் வருகிறது. உங்கள் மகன் டின்னில் செய்வதும் அந்த வேலையேதான். இரண்டு செடியைக் கலக்கிறான், வருகிற விதையை முளைக்க வைக்கிறான், நூறில் ஒன்று பிடித்திருந்தால் அதை வைத்துக் கட்டிங் போடப் பார்க்கிறான். படித்தவர்கள் இதைத் தாவர விருத்தி என்பார்கள். அது ஒரு தொழில், அதற்குச் சம்பளமும் இருக்கிறது.

ஆனால் பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். "புதிய ஜெரேனியம் இனம் உருவாக்குபவர்" என்ற பெயரில் இலங்கையில் ஒரு வேலையும் அரசாங்க கெசட்டில் வராது. உலகத்தில் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா பக்கத்துக் கம்பனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கான நாற்றைப் பார்த்து விரல் விட்டு எண்ணக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுகிறவர்கள். கட்டிங் வெட்டுகிற வேலை கென்யா, எத்தியோப்பியா, குவாத்தமாலா மாதிரி நாடுகளில் நடக்கிறது. காலநிலையைப் பார்த்தால் நம்முடைய மலையும் அதற்கு ஒத்துவரும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இங்கே இருந்து ஏற்றுமதியாகிற பூச்செடி வியாபாரம் பெரும்பாலும் அலங்கார இலைகளோடு நிற்கிறது.

சரி, அவன் என்ன செய்கிறான் என்று கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அதை விளையாட்டு என்று நினைக்கிற வரைக்கும் அவனோடு பேச முடியாது.

நாம் ஜெரேனியம் என்று சொல்கிற தொட்டிச் செடிக்குத் தாவரவியலில் பெலர்கோனியம் என்று பெயர், பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. அந்தப் பூவில் ஆண் பகுதி முதலில் பழுக்கும், பெண் பகுதி ஒன்றிரண்டு நாள் பிந்தும். அதனால் மொட்டு விரிகிற நேரத்திலேயே மகரந்தக்கூடுகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு நடுவில் பெண் பகுதியின் நுனியான குறி ஐந்து சிறு சுருளாகப் பிரியும், அப்போது வேறு செடியின் மகரந்தத்தை பிரஷால் தொட்டு வைக்க வேண்டும். பிடித்தால் கொஞ்ச நேரத்திலேயே இதழ் கொட்டிவிடும். இதழ் கொட்டின அன்றைக்கு அவன் முகம் தொங்கிப்போய் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள், பூ கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பான், உண்மையில் அது நல்ல செய்தி. அப்புறம் நடுத்தண்டு கொக்கின் அலகு மாதிரி நீளும், நாலு ஆறு வாரத்தில் அதிகபட்சம் ஐந்து விதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இறகு. காற்றடித்தால் போயே போய்விடும், அதனால் மெல்லிய துணியில் ஒரு சிறு பை தைத்துக் கட்டச் சொல்லுங்கள். விதைத் தோல் கடினம், மணல் கடதாசியில் லேசாக உரசிப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். முளைத்து முதல் பூ காட்ட இன்னும் மூன்று நான்கு மாதம், நம்முடைய குளிரில் அதைவிடக் கூடவும் ஆகலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கலப்பு, ஒரு பூ என்று பார்க்கவே அரை வருடம். பிடித்த செடியைக் கட்டிங் போட்டு, அது அடுத்த அடுத்த தலைமுறையிலும் அதே நிறம், அதே உயரம் காட்டுகிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம். இது அவசரப்படுகிறவன் செய்கிற வேலை இல்லை, அக்கா. இதற்குள் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, செடி வேலை என்பது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான், மீதி எல்லாம் காத்திருப்பு. காத்திருக்கிற நேரத்தில் இரசாயனவியல் படிக்கலாம்.

அங்கேதான் வருகிறேன். பெறுபேறு எழுதியிருந்தீர்கள், உயிரியல் பி, விவசாய விஞ்ஞானம் பி, இரசாயனவியல் எஃப், அதாவது சித்தியில்லை. கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும், ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டு பி-யும் அங்கே உதவாது. நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நாம் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறோம். கொழும்புப் பிள்ளைக்குத் தேவையான அளவு உயர்ந்த இசட் ஸ்கோர், அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற புள்ளி, உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் எஃப் என்றால் எந்த மாவட்டமும் காப்பாற்றாது.

அதனால் அவனிடம் "பூவா படிப்பா" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே பிழை. "பூவை வைத்துக்கொள், ஆனால் இரசாயனவியலில் ஒரு எஸ், அதாவது சாதாரண சித்தியாவது வேண்டும், சி என்றால் இன்னும் நல்லது" என்று பேரம் பேசுங்கள். உயிரியலில் பரம்பரையைப் பற்றிய பிறப்புரிமையியல் அலகை அவன் தலைகீழாகச் சொல்வான் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். 1909 இல் ஏர்வின் பவுர் என்கிற ஜெர்மன்காரர் வெள்ளைக் கரை போட்ட இலையுள்ள இந்தச் செடியை வைத்துத்தான் மெண்டல் சொன்ன பரம்பரைக் கணக்குக்குள் அடங்காத ஒரு பரம்பரையைக் காட்டினார். பெரும்பாலான தாவரங்களில், இலைக்குப் பச்சை கொடுக்கிற பச்சையவுருமணி தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும், பெலர்கோனியத்தில் தகப்பனிடமிருந்தும் போகும். உங்கள் மகன் டின்னில் வைத்திருப்பது அந்தச் செடிதான் என்று சொன்னால் பரீட்சைத் தாளும் அவனுக்குக் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியலாம்.

சித்தியானால் வழிகள் பல. பேராதனை விவசாய பீடம் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவில் ஏற்றுமதி விவசாயம் படிக்கலாம், வீட்டுக்குக் கிட்ட. விரிவுரை ஆங்கிலத்தில்தான், அதை இப்போதே மனதில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், முதல் வருடம் நம்முடைய பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, மொழியில். இசட் ஸ்கோர் எட்டாவிட்டால் குண்டசாலை மாதிரி அரசாங்க விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமா இருக்கிறது, அதை முடித்தவர்கள்தான் விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பம் கோரும்போது தகைமையையும் மொழிமூலத்தையும் கெசட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். தமிழில் பேசி மரக்கறித் தோட்டக்காரருக்கு விளங்க வைக்கிற போதனாசிரியர் இந்த மலையில் எவ்வளவு தேவை என்று உங்கள் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அதற்குப் பிறகு தேயிலை ஆராய்ச்சி நிலையம், கன்னொறுவை ஆராய்ச்சி நிறுவனம், இழையவளர்ப்பு ஆய்வுகூடங்கள், தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை என்று கதவுகள் இருக்கின்றன. பட்டம் முடித்து நெதர்லாந்து வாகனிங்கன் பல்கலைக்கழகம் பக்கம் மேற்படிப்புக்குப் போனால் அப்போது ஜெரேனியம் கம்பனி கனவு கனவாக இருக்காது, ஆனால் அது பத்து வருடக் கதை.

ஒன்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். முன்பு ஒரு பிள்ளைக்கு நானே பிழையான ஆலோசனை சொல்லியிருக்கிறேன். அவளும் செடி கொடி என்று கிடந்தவள். "இதெல்லாம் சோறு போடாது" என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அனுப்பினேன். முடித்தாள், கொழும்பில் ஒரு கடையில் பில் போடுகிறாள், சம்பளம் மோசமில்லை. போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் நின்று ரோஜாவுக்குக் கவ்வாத்துப் பிழை என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியாகத்தான் சொன்னாள்.

இப்போது வீட்டுக்காரரின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். உருளைக்கிழங்கு போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பற்றீரியா வாடல் அவருக்குத் தெரியாததா, செடி பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கும், கிழங்கை வெட்டினால் வளையமாகச் சீழ். அதே பற்றீரியாவின் குளிருக்குத் தாங்குகிற ஒரு வகை ஜெரேனியத்திலும் இருக்கும், சில நேரம் வெளியில் ஒரு அடையாளமும் காட்டாமல். 2003 இல் கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜெரேனியம் கட்டிங்கில் அது கண்டுபிடிக்கப்பட்டு அங்கே நர்சரிகளில் செடிகளை அழிக்க வேண்டி வந்தது, அவர்கள் பயந்தது பூவுக்காக இல்லை, உருளைக்கிழங்குக்காக. ஆகவே மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிழங்குத் தோட்டத்து மண்ணை டின்னில் போடக்கூடாது, தும்புத்தூளும் கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணும் போதும். கட்டிங் வெட்டுகிற பிளேட்டை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வாடின செடியைக் கிழங்குப் பாத்திப் பக்கம் வீசவே கூடாது. வெளிநாட்டிலிருந்து யாராவது சூட்கேசில் கட்டிங் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

"நல்ல பூ ஒன்று வந்தால் பேடன்ட் எடுத்துக் காசு பார்க்கலாமாமே" என்று மகன் சொன்னானாம். இல்லை, தம்பி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்குப் பேடன்ட் கொடுக்காது. புதிய தாவர இனங்களைப் பாதுகாக்கிற யூபோவ் உடன்படிக்கை நாடுகளில் இனம் தனித்து நிற்கிறதா, எல்லாச் செடியும் ஒரே மாதிரியா, தலைமுறைக்கு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக் குறைந்தது 20 வருட உரிமை தருவார்கள். இலங்கை அதில் சேரவில்லை. இங்கே உன் பூ அழகாக இருந்தால் பக்கத்து லயத்து ஆச்சி வேலிக்கு மேலால் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். இருந்தாலும் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் தொட்டிச் செடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், கைச்செலவுக்கு வரும். அதற்கு மேல் இப்போதைக்கு எதிர்பார்க்காதே.

உனக்கு ஒரு குறிப்பும், தம்பி, அம்மா காட்டுவார் என்று நினைக்கிறேன். அடுக்கு இதழ்ப் பூவையே தேடாதே. நம்முடைய மழைக்கும் மூடுபனிக்கும் அந்தப் பூங்கொத்து நடுவில் தண்ணீர் நின்று சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும், ஒரே கிழமையில் அழுகிய கந்தல் மாதிரித் தொங்கும். ஒற்றை இதழ், பழையதைத் தானாகச் சுத்தமாக உதிர்த்துவிடுகிற செடி, கணு நெருக்கமாக, இலையில் துரு நோய் குறைவாக, இதைத் தேடு. வெளிநாட்டுக் கம்பனி நானுஓயா மழைக்கென்று இனம் எடுக்கப் போவதில்லை. கொடி ஜெரேனியத்தையும் நிமிர்ந்ததையும் கலந்து விதை வரவில்லை என்று சோர்ந்துபோகாதே, ஒன்றில் நிறமூர்த்தம் (குரோமோசோம்) 18, மற்றதில் 36 ஆக இருக்கலாம், அப்படியானால் பெரும்பாலும் பிடிக்காது, கம்பனிகளே ஆய்வுகூடத்தில் முளையத்தைக் காப்பாற்றித்தான் சிலதை எடுத்தார்கள். ஐஸ்கிரீம் குச்சியில் எழுதுகிற நம்பரை ஒரு கொப்பியிலும் எழுது, தாய் எது, தகப்பன் எது, தொட்ட தேதி, விதை எத்தனை, முளைத்தது எத்தனை. மழையில் குச்சி எழுத்து அழிந்துவிடும். நாளைக்கு எந்த நேர்முகப் பரீட்சைக்குப் போனாலும் அந்தக் கொப்பியைக் கொண்டு போ.

அக்கா, இரசாயனவியலுக்கு டியூஷன் செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிதாக எங்கேயும் சேர்க்க முன், விடைத்தாளில் எந்தப் பகுதியில் விழுந்திருப்பான் என்று அவனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் சேதன இரசாயனப் பகுதியாக இருக்கும், ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஒரு சனிக்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் அவனை அனுப்பி வையுங்கள், பெறுபேற்றுத் தாளும் கடந்த வருட வினாத்தாள்களும் அந்தக் கொப்பியும் கையில் இருக்கட்டும். தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நிற ஒற்றை இதழ்ச் செடி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதில் ஒரு கட்டிங் எனக்கும் வேண்டும், ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தங்கச்சிக்குப் புதிதாக ஒரு கண்மை பிரஷும் வாங்கிக் கொடுங்கள், பாவம்.