பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா

அம்மா, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு ஒரத்தநாட்டிலிருந்து மகளோடு என்னிடம் வந்தீர்கள். உட்கார்ந்ததும், மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் ஆறு மா நிலத்தின் பத்திரத்தைத்தான் மேசையில் வைத்தீர்கள். நீட் இரண்டாம் தடவையும் கைகொடுக்கவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் இருக்கிறது, நிலத்தை அடகு வைத்தால் போதும் என்கிறார் உங்கள் அண்ணன். அன்று சமாதானமாகப் பேசி அனுப்பினேன். தப்பு. அடகு வைக்காதீர்கள்.

நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது உங்கள் பெண் போனில் ஒரு படம் காட்டினாள். இமையைப் பிரித்துப் பிடித்த வெள்ளாடு. உள்ளே சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. “புழுக்கையை டெஸ்ட் பண்ணினோம் சார், முட்டையே இல்லை. பத்து நாளில் செத்துப்போச்சு. அறுத்துப் பார்த்தால் ஈரலெல்லாம் புழு. அப்புறம் எதற்கு அந்த டெஸ்ட்?” நீட் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள் அவள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. வாய்க்கால் ஓரப் புல்லோடு உள்ளே போகும் தட்டைப்புழுக் குஞ்சு, ஈரலைத் துளைத்துக்கொண்டே வளர்ந்து பித்தக்குழாயை அடைந்த பிறகுதான் முட்டையிடும். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். அதுவரை புழுக்கையில் முட்டை தெரியாது. ஈரல் செல்கள் உடையும்போதே ஜி.எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் ஏறிவிடும். புழு பித்தக்குழாய்க்குப் போனதும் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி ஏறும். ஆனால் ஈரலுக்கு வேறு கேடு வந்தாலும் இவை ஏறுமே! சரி, புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடலாம் என்றால், மருந்து கொடுத்துப் புழு செத்த பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். ‘இப்போது புழு இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி, குணமானதும் மறைகிற அடையாளம் வேண்டும். புழு கசியவிடும் புரதங்களிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி மரபுத் துணுக்குகளிலும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தால் எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்ற வேண்டாம். மருந்துக்கு அடங்காத புழு பெருகுவதும் குறையும்.

இந்தத் தேடலில் உங்கள் பெண் சேர வழி பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் படிப்பு, ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு நிலத்தைத் தொட வேண்டியதில்லை. போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். பிறகு இந்தப் புழுக்களைப் பற்றிய ஒட்டுண்ணியியலில் எம்.வி.எஸ்சி. மேற்படிப்பு, முனைவர் பட்டம். ஆராய்ச்சி வேலைகள் குறைவுதான். கிடைக்காவிட்டாலும் கையில் டாக்டர் தொழில் இருக்கும்.

“மாட்டு டாக்டரா?” என்று உங்கள் அண்ணன் சிரிப்பார். கடன் தவணையைக் கட்டப்போவது அவர் இல்லை. மறுபடி அழைத்தால் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.