கர்ப்பம் உறுதியானதும் வழக்கமான மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

தைராய்டும் வீசிங்கும் இருக்கிறது, இப்போது கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றே உங்கள் டாக்டருக்குப் போன் செய்து கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு மாதிரி சொல்லும்வரை இரண்டும் தொடரட்டும்.

எனக்கும் தைராய்டு குறைவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று எனக்கும் ஆளாளுக்குச் சொன்னார்கள். டாக்டரோ நிறுத்தச் சொல்லவில்லை, டோஸைக் கூட்டினார். காரணத்தையும் விளக்கினார். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். அதனால் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கால் பங்காவது கூட்ட வேண்டியிருக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து டோஸை மாற்றுவார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கர்ப்பத்துக்குக் கொடுக்கும் இரும்புச்சத்தும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் பேனாவால் கா, ம, இ என்று எழுதி வைத்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியம் இரும்பு, இரவு கால்சியம். தூக்கக் கலக்கத்திலும் மாறாது.

வீசிங்கும் அப்படித்தான். இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். அதை விட்டுவிட்டு மூச்சுத் திணறல் வந்தால் உங்களுக்குக் குறையும் ஆக்சிஜன் குழந்தைக்கும் குறையும். எது ஆபத்து என்று நீங்களே பாருங்கள்.

உங்களுக்கு அறிவுரை சொல்பவர்களின் பயம் வெறும் பயமும் இல்லை. தாலிடோமைடு என்ற மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் நல்லது என்று கொடுத்தார்கள். கை கால் வளர்ச்சி இல்லாமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 1961இல்தான் அதை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, பாதுகாப்புக்கான ஆதாரம் போதாது என்று அனுமதி கொடுக்காமலே இருந்ததால் அங்கே பெரும்பாலான குடும்பங்கள் தப்பின.

ஆனால் கண்மூடித்தனமான பயமும் கெடுதல் செய்திருக்கிறது. அதே அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற வாந்தி மாத்திரை மீது வழக்கு மேல் வழக்காக வந்து, 1983இல் கம்பெனியே நிறுத்திவிட்டது. குழந்தைகளுக்கு அதனால் பாதிப்பில்லை என்றே ஆய்வுகள் காட்டின. அதில் இருந்த அதே டாக்ஸிலமைன், பிரிடாக்ஸின் மருந்துக் கூட்டு 2013இல் வேறு பெயரில் திரும்ப வந்தது. இடைப்பட்ட முப்பது வருடம் எத்தனை பெண்கள் தேவையில்லாமல் வாந்தி எடுத்துத் துவண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றவில்லை.

ஆகவே ஒவ்வொரு மருந்தையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளை வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட் குழந்தையைப் பாதிக்கும், ஆனால் அதைக்கூடச் சட்டென்று விட்டால் வலிப்பு வந்து இருவருக்குமே ஆபத்து. டாக்டர் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால் இதைவிடக் கவலைப்பட வேண்டியது சீட்டில்லாமல் வாங்கும் சளி, தலைவலி மாத்திரைகள்தான். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் ஒரே மாத்திரையில் மூன்று நான்கு மருந்து இருக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அதற்கு முன்பும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள், அதுவும் தேவைக்கு மட்டும், சில நாளைக்கு மட்டும். காய்ச்சலைச் சும்மா விடுவதும் நல்லதில்லை. மூலிகை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது, வைட்டமின் ஏ கூட அளவு மீறினால் குழந்தைக்குக் கெடுதல்.

அப்புறம், கர்ப்பம் தெரிவதற்கு முன் ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பல மருந்துகளால் ஒன்றும் ஆகியிருக்காது. பயத்தில் கருவைக் கலைக்கும் முடிவுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

ஃபோலிக் ஆசிட் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் அதையும் இன்றே கேளுங்கள், வழக்கமான அளவு தினம் 400 மைக்ரோகிராம். பிரசவம் ஆனதும் தைராய்டு டோஸைத் திரும்பக் குறைப்பார்கள், ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பார்க்கும் மும்முரத்தில் அது மறந்துபோகும், இப்போதே வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.