மழைக்காலமும் மாடிக் குஷன்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, நான்கு பிரம்பு நாற்காலிகளும் ஓர் ஊஞ்சலும் வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதும் குஷன்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீலத் தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டிவிட்டோம். பொங்கலுக்கு முன்பு பிரித்தபோது மூக்கைத் துளைக்கும் பூசண வாடை. உறை முழுவதும் கறுப்புப் புள்ளிகள். மேலே ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை. பிறகு எப்படி இப்படி ஆயிற்று? இவற்றைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: மழை படவில்லை என்று நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும். குஷன்களைக் கெடுத்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. கட்டிய அன்றே அது உள்ளே இருந்தது. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். அந்த நாட்களில் கடற்கரை ஊர்களின் காற்றே நனைந்த துணி போல இருக்கும். தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் குஷனின் நடுவில்கூட ஈரம் தங்கியிருக்கும். நுரை மெத்தை என்பது ஒன்றோடொன்று இணைந்த ஆயிரக்கணக்கான சிறு அறைகளால் ஆனது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் போல நீரை வாங்கிக்கொள்ளும், எளிதில் விடாது. தார்ப்பாயை இறுகக் கட்டியதால், பகலில் தகரக் கூரையின் சூட்டில் ஆவியான ஈரம் வெளியேற வழியின்றி, இரவு குளிர்ந்ததும் தார்ப்பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து, மீண்டும் குஷன் மீதே சொட்டியிருக்கும். மூன்று மாதம் இப்படி நடந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

அதற்கு உணவும் வேண்டும். அதைக் கொடுப்பவர்கள் நாம்தான். தலையில் தேய்த்த எண்ணெய், வியர்வை, மாலையில் ஊஞ்சலில் உட்கார்ந்து தின்ற முறுக்கின் துகள் எல்லாம் உறையின் தையல் மடிப்பில் தங்கிவிடுகின்றன. உங்கள் குஷன்களில் தலை சாயும் இடத்திலும் ஓரத் தையலிலும் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் துவைக்காமல் எடுத்து வைக்காதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதியில் வற்புறுத்தி எழுதுகிறேன்.

இனி காப்பாற்றும் வழி. முதலில் எல்லாவற்றையும் திறந்தவெளிக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குள் வைத்துத் தட்டினால் பூசணத் துகள் அறை முழுவதும் பரவும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெருந்தொல்லை. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்துகொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் மேலே இருப்பதைத் துடைத்தெடுங்கள். பிறகு ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் நுரையைப் பாருங்கள். ஓரத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் கவலை இல்லை, அது நீர் வந்து போன தடம். கறுப்பு உள்ளே இறங்கியிருந்தாலோ, விரலால் அழுத்தும்போது நுரை நொறுங்கினாலோ, அந்த நுரையைத் தயங்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். உறையை வைத்துக்கொண்டு நுரையை மட்டும் மாற்றிவிடலாம்.

உறையை வெதுவெதுப்பான நீரில் சோப்புத் தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். புள்ளிகள் போகவில்லை என்றால், வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து தடவிச் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். பிளீச்சிங் திரவத்தை உறையோடு வந்த சீட்டில் அனுமதி இருந்தால் மட்டுமே, அதுவும் நன்கு நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். சாயத் துணியில் பட்டால் நிறம் போய்விடும், பருத்தியில் நூலே பலமிழக்கும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும், மூச்சுக்கு ஆபத்து. முதல் மருந்தைச் சுத்தமாக அலசி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

நுரையை முறுக்கிப் பிழியக் கூடாது; கிழிந்துவிடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீரை எடுத்துவிட்டு, படுக்க வைக்காமல் குறுகிய பக்கத்தில் நிற்க வைத்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். நேர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நுரை மஞ்சளித்துப் பொடியாகும். உறைகளைத் திருப்பிப் போட்டு வெயிலில் உலர்த்துவதில் தவறில்லை. தடித்த நுரை உலர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். காய்ந்ததா என்று அறிய, வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து ஒரு நிமிடம் உடல் எடையால் அழுத்துங்கள். துணி குளிர்ச்சியாகத் தோன்றினால்கூட இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு, புரட்டாசி வெயில் இருக்கும்போதே துவைத்துக் காயவைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பழைய பருத்திப் புடவையிலோ போர்வையிலோ தளர்வாகச் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் ஒரு பலகை மீது நிற்க வைத்தால் போதும். பரண் மேல் வைப்பவர்கள் அடியில் குஷனையும் மேலே பாத்திர மூட்டையையும் வைக்க வேண்டாம்; அழுந்திய நுரை பழைய உயரத்துக்குத் திரும்பாது. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் எடுத்து வெளியே வைத்துவிட்டு மீண்டும் உள்ளே வையுங்கள். பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடுவதை நான் விரும்புவதில்லை. அந்த வாடை நுரையில் ஏறி மாதக்கணக்கில் போகாது. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போடும் அபாயமும் உண்டு. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைப்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

உள்ளே இடமே இல்லை, மாடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால், தார்ப்பாயைக் கூடாரம் போல ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். குஷனுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியும், அடியில் காற்று நுழைய வழியும் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் அன்றே அனைத்தையும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது அடித்த காற்றைப் பார்த்தவர்களுக்கு, கயிற்றுக் கட்டை நம்ப முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டின் தாழ்வாரத்துக்கு இரும்பு நாற்காலிகள் வாங்கியிருக்கிறோம். குஷன் தைப்பவர், "ரெக்சின் போட்டுவிடுங்கள், தண்ணீரே இறங்காது" என்கிறார். அதை நம்பலாமா? எந்த நுரை நல்லது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரெக்சின் வழியாகத் தண்ணீர் இறங்காது, தையல் துளைகள் வழியாக இறங்கும். இறங்கிய நீர் மீண்டும் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். மேலும், ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடுவதால், அது விறைத்து, பிறகு வெடிக்கும். கோடையில் தொடையோடு ஒட்டிக்கொள்வதும் சுகமல்ல. எனவே வேண்டாம் என்றே சொல்வேன்.

சாயத்தில் தோய்த்தெடுத்த நூலும் உண்டு, நூல் உருவாகும்போதே நிறம் கலந்த நூலும் உண்டு. இரண்டாம் வகை அக்ரிலிக் துணி விலை கூடுதல்தான், ஆனால் வெயிலில் எளிதில் வெளுக்காது. அது கட்டுப்படியாகாவிட்டால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்று நெய்த பாலியஸ்டர் துணி எடுங்கள். கடையிலேயே நான்கைந்து சொட்டு நீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடினால் நீர்விலக்கும் பூச்சு இருக்கிறது என்று பொருள். அந்தப் பூச்சு நாளடைவில் தேயும், அதை மீண்டும் தெளிக்கும் திரவம் கிடைக்கிறது. பருத்தி நூலால் தைத்தால் துணிக்கு முன்பே தையல் இற்றுவிடும், ஆகவே பாலியஸ்டர் நூல் கேளுங்கள். உலோக ஜிப் துருப்பிடித்துக் கறை விடும். பிளாஸ்டிக் ஜிப்பைப் பின்புறக் கீழ் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்துக்கு வலைத்துணி வைத்துத் தைத்தால், நனைந்த நீர் தானே வடியும். இரும்புச் சட்டத்தின் துரு குஷனில் ஏறினால் பிளீச்சிங் போடாதீர்கள், அது துருக்கறையை மேலும் நிலைக்கச் செய்யும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, சற்று நேரம் கழித்து அலசுங்கள்.

கடைக்காரர் சொல்லும் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பவை ஒரு கன மீட்டர் நுரையின் எடையைக் கிலோவில் குறிக்கும் எண்கள். எண் கூடினால் நீண்ட நாள் அமுங்காமல் இருக்கும், ஆனால் நீரைத் தடுக்கும் என்று பொருள் அல்ல. நுரைத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்ட் நீரை நெடுநேரம் பிடித்து வைப்பதால் வெளியில் வேண்டாம். சல்லடைபோல நீரைக் கீழே விட்டுவிடும் பெரிய துளை நுரை கிடைத்தால் அதுவே இதற்கு ஏற்றது. இன்னொரு யோசனை: தினமும் அரை மணி நேரம்தான் அமர்வீர்கள் என்றால், நுரையே வேண்டாம். நான்காக மடித்த பவானி ஜமக்காளம் ஒன்று போதும். எழுந்து போகும்போது கையோடு எடுத்துப்போய்விடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்வளவில் போட்டிருக்கும் கதிரைகளின் குஷன்களைக் குளிர்காலத்தில் கராஜில் வைத்தோம். வசந்தத்தில் எடுத்தபோது எலிகள் குதறி வைத்திருந்தன. காற்றோட்டமாக வை என்று சொல்கிறார்கள். அப்படி வைத்தால் எலி வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: சென்னை வாசகிக்குச் சொன்னதற்கு நேர்மாறாக உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிதான் சரி. சுண்டெலிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். குட்டி போட நுரையும் பஞ்சும் அதற்கு மிகப் பிடித்தவை. ஆகவே கெட்டியான, இறுகப் பூட்டும் மூடியுள்ள பெட்டி வேண்டும். ஆனால் உள்ளே போகும் குஷன் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் பூசணம் பிடித்துவிடும். முதல் உறைபனிக்கு முன்பு, செப்டம்பர் இறுதியில் கிடைக்கும் வெயில் நாட்களில் துவைத்துக் காயவையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றையும் உள்ளே போடுங்கள். கராஜைவிட வீட்டின் நிலவறை மேல். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதால் அங்கே காற்று உலர்ந்திருக்கும். கான்கிரீட் தரையில் நேராக வைக்காமல் தட்டு ஒன்றின் மீது வையுங்கள். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், ஆறு மாதம் சப்பையாகக் கிடந்த நுரை முழுதாக எழும்பாது.

கேள்வி: அம்மா கையால் தைத்த இலவம்பஞ்சுத் திண்டு, திண்ணையில் மறந்து வைத்ததில் கோடை மழையில் நனைந்துவிட்டது. துவைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: திண்டோடு துவைக்காதீர்கள், பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் மெழுகு பூசினாற்போன்ற நுண்ணிய வெற்றுக் குழாய். அதனால் நீர் எளிதில் உட்புகாது. உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளில் முன்பு இதை அடைத்ததும் அதற்காகத்தான். உங்கள் திண்டில் இழைகளுக்கு நடுவில்தான் நீர் நிற்கிறது. ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, பஞ்சைப் பாயில் மெல்லியதாகப் பரப்பி, பறக்காமல் இருக்க மேலே ஒரு பழைய வேட்டியை விரியுங்கள். முதல் நாள் நிழலில் வைத்து, இடையிடையே கையை உள்ளே விட்டுக் கட்டிகளை விரல்களால் பிரித்துவிடுங்கள். மறுநாள் இரண்டு மணி நேரம் வெயில் காட்டினால் போதும். கம்பால் ஓங்கி அடிக்க வேண்டாம், இழை உடைந்து தூளாகிவிடும். என் பாட்டி வீட்டு ஊஞ்சல் மெத்தையை அவசரப்பட்டு அடித்து, முற்றம் முழுவதும் வெண்துகள் பறந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மெத்தை பிறகு பாதி உயரத்துக்கும் வரவில்லை. அம்மா போட்ட தையலில் பிரிக்காத மூன்று பக்கங்களையும் அப்படியே விட்டு, உறையை அந்த நிலையிலேயே கையால் அலசிக் காயவைத்து, பஞ்சை நிரப்பி, பிரித்த பக்கத்தை மட்டும் பழைய ஊசித் துளைகளிலேயே தைத்துக்கொள்ளுங்கள்.