இலை வேகமாகச் சமைத்தால் மரம் உயருமா?

கேள்வி: பின்லாந்தில் வேலை செய்யும் என் மகன் அனுப்பிய படத்தில், ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் நட்ட பிர்ச் மரங்களுள் சில நெடிதுயர்ந்தும் சில குட்டையாகவும் நிற்கின்றன. ஒளிச்சேர்க்கை வேகமாக நடக்கும் மரமே உயர்ந்து வளர்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: அப்படி எண்ணுவது இயல்பே, ஆனால் பிர்ச் மரம் அந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட பரப்புள்ள இலை எவ்வளவு கரியமில வாயுவை ஈர்க்கிறது என்பது, அதிலுள்ள தழைச்சத்தையும் இலைத்துளைகள் எந்த அளவுக்குத் திறந்திருக்கின்றன என்பதையும் பெரிதும் பொறுத்தது. தடித்த இலை அதே பரப்பில் அதிகமாகச் சமைக்கக்கூடும். எனினும் அத்தகைய இலையை உருவாக்க மரம் கூடுதலாகச் செலவிட வேண்டியிருப்பதால், அதே செலவில் மெல்லிய இலைகளை ஏராளமாக விரிக்கும் மரம் மொத்த வரவில் அதை முந்திவிடலாம். வந்த உணவும் முழுவதும் தண்டுக்கே போய்ச் சேர்வதில்லை. வேருக்கும் சுவாசத்துக்கும் போக, முயல் கடிக்காமலிருக்க இளங்கிளைகளில் சுரக்கும் கசப்பான பிசினுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது.

என் கணிப்பில், இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நாட்காட்டி. பிர்ச் மரம் பகலின் நீளத்தை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்துகிறது. வடக்கிலிருந்து கொண்டுவந்த விதையைத் தெற்கே நட்டால், அங்கே கோடைப் பகல் குறுகியது என்பதால், அது குளிர்காலம் நெருங்கிவிட்டதாக எண்ணி வெயில் இருக்கும்போதே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தெற்கத்திய விதையை வடக்கே நட்டாலோ, அது இலையுதிர்காலம் வரை வளர்ந்துகொண்டேயிருந்து உறைபனியில் சிக்கும். பிர்ச் இனங்களுள் ஒன்றான வெள்ளி பிர்ச்சின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டவர்கள், ஒளியை உணரும் பைட்டோகுரோம் சி என்ற மரபணுவை ஒட்டிய வேறுபாடுகள் மரங்கள் நிற்கும் அட்சரேகையோடும் வெப்பநிலையோடும் இணைந்து மாறுவதைக் கண்டனர்.

குட்டையாக நிற்பதற்கு மரபு காரணமா, மண் காரணமா என்று கேட்டால், படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்காகவே ஆய்வாளர்கள் ஒரே மரத்திலிருந்து திசு வளர்ப்பு முறையில் பல நகல்களை உருவாக்கி, அவற்றை நிலமெங்கும் கலந்து நடுகிறார்கள்; நகல்களுக்கு இடையே தோன்றும் வேறுபாடு சூழலால் வந்தது, அதைத் தாண்டி ஒரு மரத்தின் நகல்களுக்கும் இன்னொன்றின் நகல்களுக்கும் இடையே தெரிவது மரபால் வந்தது. விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் இந்த வசதி இல்லை. பிர்ச் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. காற்றில் வரும் பிற மரங்களின் மகரந்தமே சூல்கொள்ளச் செய்வதால், ஒரே தாய்மரத்தின் விதைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

இன்னொன்று: அங்கே நிற்பவை ஒரே இனந்தானா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி பிர்ச்சுக்கு 28 குரோமோசோம்கள். ஈர நிலத்தையும் தாங்கும் மென்மயிர் பிர்ச்சுக்கு 56. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இளங்கிளையைத் தடவினால் முன்னதில் சொரசொரப்பான பிசின் புள்ளிகளும் பின்னதில் மெல்லிய மயிரும் தட்டுப்படும். எல்லாம் ஒரே இனம் என்று உறுதியானால், இலையுதிர்காலத்தில் எவை முதலில் மஞ்சளாகின்றன என்று குறித்துவைக்கட்டும். குட்டை மரங்களே முந்திக்கொண்டால், அவற்றின் விதை வடக்கிலிருந்து வந்ததோ என்று விசாரிப்பது தகும்.