பாட்டியின் பைண்டும் செல்லோ டேப்பும்

வணக்கம்.

'கல்கி'யில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை என் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து ஐந்து பைண்டுகளாக வைத்திருந்தார். இப்போது அவை என்னிடம். போன மாதம் தோழி ஒருத்தி மூன்றாவது பைண்டைக் கேட்டு வாங்கிப்போனாள். திரும்பி வந்தபோது நாலைந்து பக்கங்களில் செல்லோ டேப். "கிழிஞ்சிருந்துச்சு, நானே ஒட்டிட்டேன்" என்றாள். இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று நாப்தலீன் உருண்டை போட்டு பீரோவில் பூட்டிவிட்டேன். பன்னிரண்டு வயது மகளிடம் முதல் பைண்டைக் கொடுத்துப் பார்த்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. எந்த வயதில் கொடுக்க வேண்டும்? நாம் படித்ததெல்லாம் இந்தத் தலைமுறைக்கு எட்டவே எட்டாதா?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

தலைமுறையை விடுங்கள். அந்தப் புலம்பலுக்கு நான் பதில் எழுதுவதில்லை. வயதுக்கும் கணக்குக் கிடையாது. 1950இலிருந்து 1954 வரை வாரம் வாரமாக வந்த கதை அது, 293 அத்தியாயங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஓர் அத்தியாயம் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். 57 நாளில் முதல் பாகமான 'புது வெள்ளம்' முடியும். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் ஏரிக்கரையோடு குதிரையில் வரும் அந்த முதல் அத்தியாயத்தில் வர்ணனை நீளம். கண்ணால் படிக்கும் பிள்ளை அங்கேதான் சோர்ந்துபோகும், காதால் கேட்கும் பிள்ளை சோராது. இடையில் எங்கேயாவது அவளே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

ஆனால் அவள் கையில் பாட்டியின் பைண்டைக் கொடுத்தீர்களே, அது தப்பு. தோழிக்குக் கொடுத்ததும் அதே தப்பு. கோபம் அவள்மேல் வேண்டாம். அந்தப் பக்கங்களைக் கிழித்தது பெரும்பாலும் தையலாகத்தான் இருக்கும்.

பத்திரிகையிலிருந்து பிரித்த தாள்கள் தனித்தாள்கள். அவற்றை நடுமடிப்பில் தைக்க முடியாது. பைண்டர் எல்லாவற்றையும் அடுக்கி, முதுகிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஊசியால் துளைத்துப் பக்கவாட்டில் தைப்பார். அப்படித் தைத்த புத்தகம் ஒருநாளும் தட்டையாக விரியாது. உள்ஓரத்து எழுத்தைப் படிக்க வேண்டுமானால் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். தாளோ நியூஸ்பிரிண்ட். மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் மர நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மஞ்சளாகி, தாளில் அமிலம் ஏறி, எழுபது வருடத்தில் அப்பளம்போல் ஆகிவிடும். அழுத்தினால் தையல் கோட்டிலேயே முறியும். மறுபடி பைண்டு போடக் கொடுத்துவிடாதீர்கள். புதிதாகத் துளைத்து, மூன்று பக்கமும் வெட்டித் தருவார்கள். ஒவ்வொரு தடவையும் ஓரம் போகும், அப்புறம் எழுத்தே போகும்.

இரவல் கொடுக்கத் தனியாக ஒரு செட் வாங்குங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானவை. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுகின்றன. எழுத்துப்பிழை குறைவான பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்தையும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் ஒரு பாகம் திரும்பி வந்தபின் அடுத்ததைக் கொடுங்கள். பெயர், தேதி ஒரு நோட்டில் இருக்கட்டும். இது போதும்.

இனி செல்லோ டேப். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வார்த்தை அதுதான். புத்தகத்தை நேசிக்கிறவர்கள்தான் புத்தகத்தில் அதை ஒட்டுகிறார்கள், அதுதான் வேதனை. அதன் பசை முதல் சில வாரங்கள் தாளின் மேலேயே இருக்கும். பிறகு எண்ணெய்போல் உள்ளே இறங்கி அந்த இடத்தைக் கண்ணாடித்தாள் ஆக்கும். கடைசியில் பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும். பழுப்புக் கறை மட்டும் நிற்கும். அந்தக் கறையை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். உங்களுடையது ஒரு மாதம் ஆனது என்பதால் நம்பிக்கை உண்டு. ஆனால் வெறுங்கையால் பிய்க்காதீர்கள், எழுத்தோடு வரும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம், அச்சு மை கலைந்துவிடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் டேப்பின்மேல் சில வினாடி காட்டி, ஒரு முனையைத் தூக்கி, அதன்மேலேயே மடித்தாற்போல் பின்னோக்கி மெல்ல இழுங்கள். தாளின் நார் எழும்பினால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். அந்தத் துண்டு அங்கேயே இருக்கட்டும்.

கிழிசலை ஒட்ட வேண்டியது கோதுமை மாவுச்சத்துப் பசையும், ஜப்பான் டிஷ்யூ என்ற நீள நாருள்ள மெல்லிய தாளும். முகம் துடைக்கும் டிஷ்யூ உதவாது. அதன் நார் குட்டை. ஓவியப் பொருள் கடைகளில் கேளுங்கள், இணையத்திலும் விற்கிறார்கள். பசையை வீட்டிலேயே செய்யலாம். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பீர்கள் அல்லவா, அதேதான்: மைதாவைப் பிசைந்து தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ரப்பர்போல் மிஞ்சுவதை எறிந்துவிட்டு, பாலை ராத்திரி தெளியவைத்து, அடியில் படியும் வெள்ளை வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி வண்டலுக்கு ஐந்து கரண்டி தண்ணீர். சிறுதீயில் விடாமல் கிளறினால் கால்மணி, இருபது நிமிடத்தில் கண்ணாடிபோல் இறுகும். ஆறியதும் டீ வடிகட்டியில் தேய்த்து எடுத்து, கெட்டி மோர் பதத்துக்கு நீர் விடுங்கள். கெட்டுப்போகும் பொருள்தான். அதற்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்காதீர்கள். செம்பு தாளை அரிக்கும். இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

டிஷ்யூவைக் கத்தரிக்கக் கூடாது. ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, கோட்டோடு பிய்த்தால் ஓரத்தில் மயிர்போல் நார் நீளும். அந்த நார்தான் பிடிமானம். அரை சென்டிமீட்டர் அகலம் போதும். பசையை மெல்லிசாகத் தடவி, கிழிசலின் இரண்டு விளிம்பும் சேர்ந்ததைப் பார்த்துப் பதியுங்கள். மேலும் கீழும் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள், அதற்கு வெளியே ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள், அதன்மேல் கனமான அகராதி. பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றிவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். பசையில் நீர் அதிகமானால், காயும்போது பழுப்பு வளையம் விழும். நியூஸ்பிரிண்டில் இது உடனே நடக்கும், ஆகவே முதலில் ஒரு பழைய செய்தித்தாளில் பழகுங்கள். உங்கள் மகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பன்னிரண்டு வயது விரல் இதற்கு நம் விரலைவிட நல்லது. ஒட்டுகிற பக்கத்தை யாரும் படிக்காமல் ஒட்டுவதில்லை.

நாப்தலீனை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தப் புகை குழந்தைகள் முகரக் கூடியதல்ல. பூச்சி இருப்பதாகச் சந்தேகமானால் பைண்டைப் பாலிதீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். பீரோவின் அடித்தட்டும் சுவரோரமும் வேண்டாம்.

பாட்டியின் பைண்டுகளைப் படங்களுக்காக மட்டும் திறங்கள். தட்டையாக விரிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துப் பாதி திறந்தாற்போல், அன்றைக்குப் படித்த அத்தியாயத்துக்கு ஓவியர் மணியம் வரைந்த படத்தைக் காட்டுங்கள். மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அவை இல்லை.

டேப் ஏதாவது படத்தின்மேல் ஒட்டியிருந்தால் அதை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். எந்தப் பக்கம், டேப் எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள்.