அடுப்படிக் கேள்வி

கேள்வி: பிள்ளைகளுக்கு 7.30க்குப் பள்ளிக்கூடம், எனக்கும் வேலை. காலையில் தேங்காய் திருவவே நேரம் போகிறது. என்ன செய்யலாம், அக்கா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: ஞாயிறு பின்னேரம் நாலு தேங்காயைத் திருவிவிடுங்கள், தங்கச்சி. பொலித்தீன் பையில் போட்டு, உள்ளங்கையால் தட்டி, ரொட்டி போல மெல்லிசாக்கி பிறீசரில் படுக்க வையுங்கள். உருண்டையாக வைத்தால் கல்தான்; நான் ஒருமுறை உலக்கையால் இடிக்கப் போய் பையும் கிழிந்தது. மெல்லிசென்றால் வேண்டிய அளவு ஒடித்தெடுக்கலாம். பிட்டுக்குச் சரி, பாலுக்கும் சரி. பிழியும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர் விடுங்கள். சம்பலுக்கு மட்டும் அன்றன்று திருவியதுதான். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், காலுறைகளை இரவே சப்பாத்துக்குள் திணித்துவிடுங்கள். ஒற்றைக் காலுறை தேடியே கல்லடியில் எங்களுக்கு ஒரு நாள் பஸ் போய்விட்டது.