கேமரா, அலாரம், விளக்கு மூன்றையும் ஒன்றாக இணைக்க முடியுமா?

குளச்சலில் பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை ஒரு சிறு கணினியில் நிறுவுங்கள். பிற மென்பொருளுக்கும் காட்சியை அனுப்ப உதவும் பொது நெறிமுறைகளான ஆன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி வசதியுள்ள கேமராவையே வாங்குங்கள். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளேயே காட்சியைப் பதிவு செய்யலாம்.

சைரனைக் கதவு திறப்பதை உணர, கதவு நிலையில் பொருத்தும் காந்த சென்சாரோடு இணையுங்கள். கேமரா காணும் அசைவை நம்பி அலற விடாதீர்கள். காற்றில் தென்னை ஓலை ஆடினாலே அது ஒலிக்கும். நான்காம் நாள் அம்மாவே அணைத்துவிடுவார். அசைவுக்கு முற்றத்து விளக்கு எரிந்தால் போதும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் ரூட்டர், கணினி, கேமரா, சைரன் நான்கையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். உப்புக் காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். வெளிக்கேமராவின் கேபிள் இணைப்பை நீர்புகாப் பெட்டிக்குள் வையுங்கள்.